பூட்டில்லாத மடக்குக்கத்தியோடு அன்றாடம்

கேள்வி இது: "பழைய பாணி மடக்குக்கத்திகள் மீது ஆசை வந்துவிட்டது. ஒன்றைத் தினமும் பையில் வைத்துக்கொள்ள வேண்டும், மெல்ல மெல்லச் சேகரிக்கவும் வேண்டும். எதில் தொடங்கலாம்? பூட்டு இல்லாத கத்தி விரலைப் பதம் பார்த்துவிடாதா? கார்பன் எஃகு துருப்பிடித்துத் தொல்லை தராதா?"

முதலில் ஒரு வேண்டுகோள்: சேகரிப்பைச் சற்று ஒத்திப்போடுங்கள். ஒரே ஒரு கத்தியை வாங்கி, ஆறு மாதம் அதை மட்டும் பையில் வைத்திருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். முதல் ஆண்டிலேயே பதினேழு கத்திகள் வாங்கினேன். அவற்றில் இன்று என்னிடம் எஞ்சியிருப்பவை இரண்டு. மற்றவை எல்லாம் படத்தில் அழகாக இருந்தவை. ஒன்று பையில் கல்லைப்போல் கனத்தது. இன்னொன்றின் வில், அதாவது அலகை அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் தகடு, திறக்கும்போது நகத்தைப் பெயர்த்தது. வேறொன்றில் நான்கு அலகுகள், அதாவது நான்கு வெட்டும் தகடுகள். மூன்றை நான் திறந்ததே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவரை இவற்றில் எதுவும் எனக்குத் தெரியவரவில்லை. பையில் போட்டுக்கொண்டு நடந்த மூன்றாம் நாளே தெரிந்தது.

சிறு மடக்குக்கத்தியைப் பேனாக்கத்தி என்றும் சொல்வோம். அந்தச் சொல்லுக்குள்ளேயே இந்தப் பொருளின் வரலாறு கொஞ்சம் ஒளிந்திருக்கிறது. பேனா என்பது போர்ச்சுக்கீசியர் வழியே நமக்கு வந்த சொல். அவர்கள் மொழியில் அதற்குப் பறவையின் இறகு என்று பொருள். இறகின் முனையைச் சீவி எழுதிய காலத்தில் அதற்காகவே வைத்திருந்த சிறு கத்திதான் பேனாக்கத்தி. ஓலையில் எழுதியவர்களுக்கும் இதே தேவை இருந்தது; எழுத்தாணியும் கத்தியுமாக மடக்கி வைக்கும் மடக்கெழுத்தாணி அதற்கு வந்த விடை. மடக்கும் யோசனை இன்னும் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் எலும்புக் கைப்பிடியோடு கிடைத்த மடக்குக்கத்தி ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் பழையது. ரோமானியர்களும் மடக்குக்கத்தி வைத்திருந்தார்கள்.

அந்தப் பழங்கத்திகளில் வில் கிடையாது. அலகை நிறுத்தி வைப்பது ஆணியின் இறுக்கமும் பிடித்திருக்கும் கையும்தான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு போன்ற ஊர்களின் பட்டறைகளில் கைப்பிடியின் முதுகில் வில்தகடு வைக்கும் முறை வழக்கத்துக்கு வந்தது. இன்று 'பாரம்பரிய மடக்குக்கத்தி' என்று ஆர்வலர்கள் சொல்லும்போது பெரும்பாலும் இந்த வில் வைத்த கத்தியைத்தான் சொல்கிறார்கள். ஸ்லிப்ஜாயின்ட் என்பது அதன் பெயர்.

இதன் உள்வேலையைப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அலகின் அடிப்பகுதி கைப்பிடிக்குள் ஓர் ஆணியில் சுழல்கிறது. அந்த அடிப்பகுதியில் தட்டையாகச் சில பக்கங்கள் உண்டு. முதுகில் இருக்கும் வில்தகடு எப்போதும் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறது. தட்டையான பக்கம் வில்லுக்கு நேராக வரும்போது அலகு 'டக்' என்று அமர்கிறது; முனையைத் தாண்டும்போது வில் சற்றே எழும்பி இடம் கொடுக்கிறது. சில கத்திகளில் பாதி திறந்த நிலையிலும் ஒரு நிறுத்தம் இருக்கும். அந்த ஒலியையும் அந்த இறுக்கத்தையும் வைத்தே ஒரு கத்தியை எடைபோடும் ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு திறந்து மூடச் சொன்னால் எந்தப் பட்டறை என்று சொல்லிவிடுவதாக ஒருவர் என்னிடம் பந்தயம் கட்டினார். மூன்றில் இரண்டைச் சரியாகச் சொன்னார்.

ஆக, பூட்டு இல்லை என்பது உண்மை. அலகைப் பிடித்திருப்பது வில்லின் அழுத்தம் மட்டுமே. அறுக்கும்போது விசை கூர்ப்பக்கத்தின் மீது விழுகிறது. அது அலகை மேலும் திறக்கத்தான் தள்ளும், மடக்காது. அலகின் முதுகை எதன் மீதாவது தட்டினாலோ, நுனியால் குத்தித் துளைக்க முயன்றாலோ, கெட்டியான பொருளில் சிக்கிய அலகை மேல்நோக்கி நெம்பி இழுத்தாலோதான் அது மடங்கிக் கையைக் கடிக்கும். எனக்கு ஏற்பட்ட ஒரே பெரிய காயம் இந்த மூன்றாம் வகை. தடித்த அட்டைப்பெட்டியில் இறங்கிய அலகு அசையவில்லை. பொறுமை இழந்து முதுகுப் பக்கமாக நெம்பினேன். ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. குத்துவதற்கும் நெம்புவதற்கும் உரிய கருவி இது இல்லை. இதை ஏற்றுக்கொண்டவர்களுக்குப் பூட்டு இல்லாதது ஒரு குறையாகவே தெரியாது.

மூடும்போது கவனம் இன்னும் அதிகம் தேவை. ஒரு கையால் மூடிக் காட்டும் வித்தையெல்லாம் வேண்டாம். கைப்பிடியை ஒரு கையின் விரல்கள் பக்கவாட்டில் பிடித்திருக்க, மறுகையின் உள்ளங்கையால் அலகின் முதுகை மெல்ல அழுத்துங்கள். கடைசித் தூரத்தில் அலகைத் தானாக அறைந்து மூட விடாமல், அதன் பக்கவாட்டை விரல்களால் பிடித்து இறக்குங்கள். அறைந்து மூடினால் சில கத்திகளில் கூர் உள்ளே இருக்கும் வில்லில் மோதி, பல் விழுந்ததுபோல் ஓரிடத்தில் நசுங்கிவிடும்.

இனி, எதில் தொடங்குவது என்ற கேள்வி. முதலில் நீங்கள் உண்மையில் எதை அறுக்கிறீர்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். என் கணக்கில் பத்தில் எட்டு முறை உறை, நூல், பொட்டலத்தின் நாடா, பழம். இவற்றுக்கு ஏழெட்டு சென்டிமீட்டருக்கு மேல் அலகு வேண்டியதில்லை. பெரிய கத்தி பலருக்கும் கற்பனைத் தேவை. கரடியோடு சண்டை போடப்போவது யாருமில்லை.

கையில் எடுத்தவுடன் வேலைக்கு இறங்கக்கூடிய எளிய கத்தி வேண்டுமென்றால் ஒப்பினெல். பிரான்ஸின் சவோய் பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் உருவாக்கியது. மர உருளைக் கைப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஒரு வளையம், அவ்வளவுதான். 1897இல் 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் வந்தது. 1ம் 11ம் பின்னர் நின்றுபோயின. அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல்தான் சேர்ந்தது. அதுவும் 6ஆம் எண்ணிலிருந்துதான் உண்டு. பலரும் வாங்குவது 8ஆம் எண், அலகு 8.5 சென்டிமீட்டர். மரம் ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும், அலகு பிளவுக்குள் சிக்கி வெளியே வர மறுக்கும். அதற்கு அந்த ஊர்க்காரர்களின் வைத்தியம் ஒன்று உண்டு: கைப்பிடியின் அடிமுனையை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு தலை நீட்டும். வில் இல்லாததால் இதை ஸ்லிப்ஜாயின்ட் கணக்கில் சேர்க்காத கண்டிப்பானவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்களோடு வாதாடுவதில்லை. என் பையில் அதிக நாட்கள் இருந்தது இதுதான்.

பராமரிப்பே கூடாது என்பவருக்கு சுவிஸ் கத்தி. கார்ல் எல்செனர் 1884இல் பட்டறை தொடங்கி, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குப் படைவீரர் கத்தியை அளித்தார்; நமக்குத் தெரிந்த சிவப்புக் கத்தியின் முன்னோடி 1897இல் காப்புரிமை பெற்றது. துருப்பிடிக்காத எஃகு, மெல்லிய உடல், மேலே வில். இதைப் பொம்மை என்று இளக்காரமாகப் பார்க்கும் சேகரிப்பாளர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இதன் வில்லும் அலகும் பொருந்தியிருக்கும் நேர்த்தி, பல மடங்கு விலையுள்ள கத்திகளிலும் எப்போதும் கிடைப்பதில்லை.

ஜப்பானின் மிகி நகரத்தில் 1890களில் பிறந்த ஹிகோனோகாமி இன்னும் எளியது. மடித்த உலோகத் தகடு ஒன்றே கைப்பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்னால் நீண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருக்கும் வரை அலகு நிற்கும். ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் இதில்தான் பென்சில் சீவினார்கள். 1960இல் அரசியல் தலைவர் ஒருவர் மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் எழுந்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பென்சில் சீவ இதைவிட நல்ல கத்தியை நான் பார்த்ததில்லை. ஆனால் பையில் தானாகத் திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு என்பதால் உறை அவசியம்.

லாகியோல் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை போதும். அது பிரான்ஸின் அவேரோன் பகுதியில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். 1829இல் அங்கே உருவான கத்தியின் வடிவத்துக்கும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. வில்லின் மேல் தேனீ இருப்பதையும் அலகில் பெயர் இருப்பதையும் மட்டும் நம்பி வாங்காதீர்கள். அந்தப் பெயரை நெடுங்காலம் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்க வடிவங்கள் தனி உலகம். கால்நடை மேய்ப்பவர்களுக்கான ஸ்டாக்மேனில் மூன்று அலகுகள்: வளைந்த நுனியுள்ள க்ளிப், நேரான கூரும் மழுங்கிய நுனியும் கொண்ட ஷீப்ஸ்ஃபுட், காயடிப்பதற்கென்று உருவான ஸ்பே. கடைசி அலகின் அசல் வேலையைச் சொன்னால் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் கூர்நுனி இல்லாத அந்தச் சிறு அலகுதான் உறை பிரிக்க மிகப் பொருத்தம், உள்ளே இருக்கும் காகிதத்தைக் கிழிக்காது. பார்லோ என்ற இன்னொரு வடிவத்துக்குக் கைப்பிடியின் முன்முனையில் நீளமான உலோகத் தலை. கத்தி பலவீனமாகும் இடத்தில், அதாவது ஆணியைச் சுற்றி, அது வலு சேர்க்கிறது. ஒரே ஓர் அமெரிக்கக் கத்தி என்றால் ஓர் அலகு மட்டும் உள்ள பார்லோவைச் சொல்வேன். மூன்று அலகுகள் என்றால் மூன்று மடங்கு தூசி சேரும்.

கார்பன் எஃகைப் பற்றிய பயம் தேவையில்லை, ஆனால் கவனம் தேவை. 1095 என்ற எஃகில் ஏறத்தாழ 0.95 சதவீதம் கார்பன் உண்டு, குரோமியம் கிட்டத்தட்ட இல்லை. துருப்பிடிக்காத எஃகு என்றால் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். கார்பன் எஃகை எளிதாகத் தீட்டலாம், கூர் சீக்கிரம் ஏறும். விலையாக அது நிறம் மாறும். புதுக் கத்தியால் முதல்முறை ஓர் ஆப்பிளை அறுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வெள்ளி நிறத்தின் மேல் மேகம்போல் ஒரு கறை படியும். சாய்த்துப் பார்த்தால் அதில் நீலமும் மயில்கழுத்து நிறமும் தெரியும். சில வாரங்களில் அது மங்கிச் சாம்பல் நிறத்தில் நிலைத்துவிடும். இந்தச் சாம்பல் படலம் நல்லது; அடுத்து வரும் துருவை ஓரளவு தடுக்கும். செம்மஞ்சளாக, தொட்டால் விரலில் பொடி ஒட்டினால் அதுதான் துரு. உடனே எண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்துவிடுங்கள். வேலை முடிந்தவுடன் துணியில் துடைக்கும் பழக்கம் ஒன்றே போதும். என் கத்திகளில் துருப்பிடித்தவை எல்லாம் துடைக்காமல் மடக்கியவை. ஈரத்தை உள்ளே வைத்து மூடியது நான்தான்.

மூட்டுக்குள் பையின் பஞ்சும் நூலும் சேரும். மாதம் ஒருமுறை பல்குச்சியால் தோண்டி எடுத்து, மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு நாலைந்து முறை திறந்து மூடுங்கள். கறுப்பாக வழியும் அழுக்கைத் துடைத்துவிடுங்கள். பழமும் அறுப்பதாக இருந்தால் உணவுக்கு உகந்த கனிம எண்ணெயே போதும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகி அலகைப் பிடித்துக்கொள்ளும்.

தீட்டுவதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நடுத்தரச் சொரசொரப்பில் ஒரு தீட்டுக்கல், பக்கத்துக்குப் பதினைந்து முதல் இருபது டிகிரி சாய்வு. ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் மிக நுண்ணிய பிசிர் எழும். கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்காக, வெளிநோக்கி மெல்ல இழுத்தால் அது தட்டுப்படும். பிசிர் முழு நீளத்துக்கும் எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றுவதால்தான் பலருக்கும் கூர் ஏறுவதில்லை. மின்சாரச் சாணையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சூடேறினால் எஃகின் பதம் போய்விடும், அலகிலும் பாதி போய்விடும்.

பையில் வைப்பதில் இரண்டே விஷயம். சாவியும் சில்லறையும் இல்லாத பையில் வையுங்கள், அல்லது மெல்லிய தோலுறையில் போடுங்கள். இரண்டாவது, சட்டம். நாட்டுக்கு நாடு இது மாறும், உங்கள் இடத்து விதியை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 3 அங்குலம், அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேற்படாத கூர் கொண்ட, பூட்டு இல்லாத மடக்குக்கத்தியைக் காரணம் சொல்லாமல் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் நீளம் எதுவாக இருந்தாலும் தக்க காரணம் வேண்டும். அப்படிப் பார்த்தால் மேலே சொன்ன 8ஆம் எண் ஒப்பினெல் அங்கே இரண்டு வகையிலும் தேறாது. ஜப்பானில் பொதுவாக 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி எடுத்துச்செல்லக் கூடாது. விமானத்தில் கைப்பையில் வைக்கவே வைக்காதீர்கள். சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள் போகட்டும். பழக்கதோஷத்தில் பையிலேயே விட்டுவிட்டு, பரிசோதனை வரிசையில் நல்ல பார்லோ ஒன்றைப் பறிகொடுத்தவன் நான். வாங்கிப் பெட்டியில் போட்ட அலுவலருக்கு வருத்தம், எனக்கு வெட்கம்.

ஆறு மாதம் கழிந்ததா? இப்போது சேகரிப்புக்கு வரலாம். பழைய கத்தியைக் கையில் எடுத்ததும் அழகைப் பார்க்காதீர்கள், வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் பக்கத்தகடுகளுக்கும் இடையே ஒளி கசிகிறதா? திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் வில்லின் முதுகு சமமாக இருக்கிறதா? அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடுகிறதா? கைப்பிடியின் ஆணிகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு உண்டா? பிறகு அலகின் அகலம். பலமுறை தீட்டிய அலகு தேய்ந்து மெலிந்திருக்கும்; அதே மாதிரியின் புதிய கத்தியோடு ஒப்பிட்டால் எவ்வளவு போயிற்று என்பது தெரிந்துவிடும்.

அடுத்து, அலகின் அடியில் உள்ள முத்திரை. இதுதான் கத்தியின் பிறப்புச் சான்றிதழ். பென்சில்வேனியாவின் கேஸ் நிறுவனம் 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்து, ஆண்டுக்கு ஒரு புள்ளியாகக் குறைத்துக்கொண்டே வந்தது. எண்ணிக்கையிலிருந்து ஆண்டைச் சொல்லிவிடலாம். அவர்களின் மாதிரி எண்ணும் பேசும். 6318 என்றால் 6 எலும்புக் கைப்பிடி வகை, 3 அலகுகளின் எண்ணிக்கை, 18 வடிவம். முத்திரையின் எழுத்துகள் மழுங்கி, அலகின் விளிம்புகள் உருண்டு, கண்ணாடிபோல் பளபளத்தால் யாரோ அதை மெருகேற்றியிருக்கிறார்கள். விற்பவர் 'புதுப்பித்தது' என்பார். சேகரிப்பாளர் கணக்கில் அது கெடுத்தது. நூறாண்டுச் சாம்பல் படலத்தை ஒருபோதும் தேய்த்து எடுக்காதீர்கள்.

கைப்பிடிகளில் மாட்டின் கால் எலும்பு, கருங்காலி, கொம்பு என்று பலவும் உண்டு. பழைய ஷெஃபீல்டு கத்திகளில் நீங்கள் பார்க்கும் சொரசொரப்பான கொம்பு பெரும்பாலும் கடமான் கொம்பு, இந்தியாவிலிருந்து போனது. ஏற்றுமதி தடைசெய்யப்பட்ட பிறகு அந்தக் கைப்பிடிகளின் விலை ஏறியது. பழையது என்பதற்காக எல்லா எல்லைகளையும் தாண்டி எடுத்துச்செல்ல முடியாது. வனவிலங்குச் சட்டங்கள் பொருளின் வயதை மட்டும் பார்ப்பதில்லை. கைப்பிடியின் இரு முனையிலும் வெள்ளியாக மின்னுவது நிக்கல் சில்வர். அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது.

எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது செல்லுலாய்டு என்ற பழைய பிளாஸ்டிக் கைப்பிடியைப் பற்றி. கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் ஆமை ஓடு, முத்துச்சிப்பி, மிட்டாய்க் கோடு என்று எந்தத் தோற்றத்தையும் அதில் கொண்டுவந்தார்கள். அழகில் எதுவும் அதை மிஞ்சாது. ஆனால் அது மெல்லச் சிதையும் பொருள்; சிதையும்போது வெளிவரும் அமில ஆவி அருகில் இருக்கும் எஃகை எல்லாம் அரிக்கும். இதைத் தெரியாமல் பத்துக் கத்திகளை ஒரே மரப்பெட்டியில் மூடி வைத்திருந்தேன். ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது முதலில் சூடம் கொளுத்தியதுபோல் ஒரு வாடை வந்தது. நடுவில் இருந்த மஞ்சள் கைப்பிடிக் கத்தியின் அலகில் பச்சையும் செம்மையுமாகப் பொருக்கு. அதைச் சுற்றியிருந்த ஐந்தில், அதற்கு நேராக இருந்த பக்கம் மட்டும் துரு. பெட்டியின் ஓரத்தில் இருந்தவை தப்பின.

தோலுறையும் அப்படித்தான். பகலில் பையில் வைக்க நல்லது, மாதக்கணக்கில் உள்ளே போட்டு வைத்தால் தோல் பதனிடும்போது தங்கிய உப்பும் ஈரமும் எஃகை அரிக்கும். நீண்டநாள் சேமிப்புக்கு எண்ணெய் தொட்டுத் துடைத்து, அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, காற்றோட்டமான இழுப்பறையில் வையுங்கள். செல்லுலாய்டு மட்டும் மற்றவற்றோடு சேராமல் இருக்க வேண்டும்.

அந்த மஞ்சள் கத்தியை நான் விற்கவில்லை. அது இன்னொருவர் பெட்டியைக் கெடுக்கும். இப்போது அது மூடியில்லாத தட்டில், வேறு அறையில், தனியாக இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் கைப்பிடியில் ஒரு வெடிப்பு கூடுகிறது.